எட்டு சிலிண்டரை வைத்து நான் சொன்ன தீர்ப்பு

2018 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொன்னேன். "சிலிண்டரில் கேஸ் குறைவாக வருகிறது என்று நிரூபிக்க முடியவில்லை." கணக்கு சரி, வாக்கியமும் சரி. எந்தப் புள்ளியியல் பேராசிரியரிடம் காட்டினாலும் முழு மதிப்பெண் போடுவார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் தெருவைச் சுற்றி வந்தபோது அது வேறொன்றாக ஆகியிருந்தது: "சார் எடை போட்டுப் பார்த்துட்டாரு, எல்லாம் கரெக்டாத்தான் கீதாம்." என் காதுபடவே இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள். நான் திருத்தவில்லை. வெயில், களைப்பு, திருத்தினால் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டுமே என்ற அலுப்பு. அன்று வாயைத் திறக்காமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது.

தண்டையார்பேட்டையில் மகாராணி பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே நடந்தால் எங்கள் தெரு. மாடி வீடுகளையும் சேர்த்தால் தொண்ணூறு குடும்பம் இருக்கும். அப்போது மெட்ரோ வேலைக்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தோண்டிப் போட்டிருந்த நேரம். சிலிண்டர் லாரி தெருமுனையோடு நின்றுவிடும், அங்கிருந்து மீன்பாடி வண்டியில்தான் உள்ளே வரும். தெருவில் பாதி வீடுகளுக்கு மேல் பெண்களும் வேலைக்குப் போகிறவர்கள். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து விற்பவர்கள், வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைகளில் நிற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். சிலிண்டர் வரும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வண்டி போய்விடும். இந்த விவரத்தை அப்போது நான் ஒரு விவரமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர் வீட்டு அக்கா மீன் விற்கிறவர். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். சிலிண்டர் மாற்றிய தேதியில் பேனாவால் ஒரு வட்டம், பக்கத்தில் போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்ற எண். 40, 41, 39, 40, அப்புறம் 38, 38. பழைய காலண்டர் தாள்களையும் சுருட்டி வைத்திருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். "நீ கணக்கு வாத்தியார்தானே தம்பி. கேஸ் கொறையுது. நாள் கணக்கு உட்டுத் தள்ளு, தூக்கறப்பவே எனக்குத் தெர்யுது. தெனம் கூடை தூக்கறவ நான்." பின்னால் நின்ற இன்னும் நாலு பேரும் அதையே சொன்னார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஆள் எடை போட்டுச் சொன்னால் புகார் எழுதலாம் என்பது அவர்கள் எண்ணம்.

நாள் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். விருந்தாள் வந்தால் இரண்டு நாள் குறையும், ஊருக்குப் போனால் இரண்டு நாள் கூடும். எடைதான் சரியான வழி. அதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எத்தனை சிலிண்டர் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். ஏழெட்டு போதும் என்றேன். வகுப்பில் முதல் நாள் சொல்லுகிற ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதையே அங்கேயும் சொன்னேன். பானைச் சோறு முழுக்க ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது என்பதால்தான் அந்தப் பழமொழி செல்லும் என்பதை நான் யோசிக்கவில்லை. சிலிண்டர் ஒவ்வொன்றும் வெவ்வேறு கை மாறி வருகிறது.

எடை போட்ட காலை

மளிகைக் கடையில் தொங்கு தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். எலெக்ட்ரானிக், 50 கிராம் 50 கிராமாகக் காட்டும். இரண்டு பையன்கள் ஒரு இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொள்ள, நடுவில் தராசு, அதன் கொக்கியில் சிலிண்டர். சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே செங்குத்தாக நிற்கும் தகடுகளில் காலி எடை பெயின்ட்டில் எழுதியிருக்கும். 15.3, 16.1, 15.8 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ். அது 14.2 கிலோ இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வீட்டு வாசலில் தராசு தொங்க, சிலிண்டர் மெதுவாகச் சுற்றி நிற்கும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எண் நின்றதும் ஒரு பாட்டி என்னிடம் "கம்மியா, சரியா?" என்று கேட்பார். நான் "கழிச்சுச் சொல்றேன் பாட்டி" என்பேன்.

அந்த வாரம் வந்து இன்னும் அடுப்பில் மாட்டாமல் இருந்த சிலிண்டர்களில், சனிக்கிழமை பதினோரு மணிக்குள் ஆள் இருந்த வீடுகளாகப் பார்த்து எட்டு எடுத்தேன். 14.20, 13.75, 14.25, 14.10, 13.80, 14.30, 14.05, 14.15. நோட்டுப் புத்தகத்தில் எடைக்கு நேராக வீட்டு எண்ணையும் எழுதி வைத்தேன். பிற்பாடு எனக்கு உதவியது அந்தச் சின்ன வேலைதான்.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு. எட்டின் சராசரி 14.075 கிலோ, அதாவது 125 கிராம் குறைவு. ஆனால் எடைகள் தமக்குள்ளேயே ஏறி இறங்குகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தின் அளவான திட்ட விலக்கம் 0.2 கிலோ. அதை எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 71 கிராம். இதுதான் திட்டப் பிழை. எட்டெட்டாக எடுத்துக்கொண்டே போனால் அந்தச் சராசரிகள் எவ்வளவு ஆடும் என்பதன் அளவு. 125 கிராம் குறைவை இந்த ஆட்டத்தால் வகுத்தால் 1.75. இன்மைக் கருதுகோள் என்பது இங்கே சிலிண்டர் அனுப்புகிற கேஸ் ஏஜென்சியின் பக்கம்: முழுமைத்தொகுதியின் சராசரி, அதாவது தெருவுக்கு வருகிற அத்தனை சிலிண்டரின் சராசரி, 14.2தான். மாற்றுக் கருதுகோள் அக்காவின் பக்கம்: அது 14.2-க்குக் குறைவு. ஏஜென்சி சொல்வது உண்மையாக இருந்தால், வெறும் தற்செயலால் எட்டின் சராசரி இவ்வளவு குறைவாகவோ இன்னும் குறைவாகவோ வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு ஆறுக்குச் சற்று மேல். வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால்தான் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம் என்பது வழக்கமான கோடு. ஆறு ஐந்தைவிடப் பெரியது. ஆகவே நிராகரிக்க முடியாது.

அப்படித்தான் எழுந்து நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அப்போ நாங்க சொல்றது பொய்யா தம்பி?" என்றார். "பொய்ன்னு சொல்லலக்கா, நிரூபிக்க முடியலன்னுதான் சொல்றேன்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். வகுப்பில் வருஷா வருஷம் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் போய் அந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்தார். "சாரே பார்த்துச் சொல்லிட்டாரே" என்பதே அவருடைய முதல் பேச்சு. இரண்டாவதாக இன்னொன்றும் சொன்னார்: ஒரு சிலிண்டருக்கு 150 கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது, சாருடைய சராசரியே 125 கிராம்தானே குறைவு, எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று. கூட்டம் தலையாட்டியது. நானும் அந்த நிமிஷத்தில் தலையாட்டினேன். இரவு படுத்த பிறகுதான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது. 150 கிராம் என்பது ஒற்றைச் சிலிண்டருக்கான சலுகை. நிரப்பும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் கிராம் சுத்தமாக நிரப்பாது என்பதால் கொடுத்தது. ஒன்றில் குறைந்தால் இன்னொன்றில் கூட வேண்டும். 2011-இல் வந்த பொதி செய்த பொருட்களுக்கான எடையளவு விதிகளின் அடிப்படையே அதுதான்: தனிப்பட்ட பொதிக்குத்தான் விலக்கு உண்டு, மாதிரியாக எடுத்த பொதிகளின் சராசரி மட்டும் அறிவித்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. எல்லாச் சிலிண்டரும் 125 கிராம் குறைந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்க்க அளவுக்குள்தான் இருக்கும். ஆனால் தெருவே ஏமாந்திருக்கும். ஒன்றின் எடையையும் சராசரியையும் குழப்புவது எவ்வளவு சுலபம் என்பதை அன்று என் தலையாட்டலிலேயே பார்த்தேன்.

1.75 விழுந்த இடம்

இந்த 1.75-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது விழுந்த இடம் அப்படி. நிறைய அளவீடுகள் இருக்கும்போது பார்க்கும் வழக்கமான இயல்நிலைப் பரவல் அட்டவணையைப் பார்த்திருந்தால் தாண்ட வேண்டிய எண் 1.645. என் 1.75 அதைத் தாண்டியிருக்கும், கேஸ் குறைகிறது என்று அறிவித்திருப்பேன். ஆனால் எட்டே எடையை வைத்துக்கொண்டு அந்த அட்டவணையைப் பார்க்கக் கூடாது. குறைந்த அளவீடுகளுக்கான டி அட்டவணையில், எட்டில் ஒன்று குறைத்து, 7 என்ற வரியைப் பார்க்க வேண்டும், அங்கே 1.895. அதை என் எண் தாண்டவில்லை. இரண்டு அட்டவணைக்கும் நடுவில் இருந்த கால் பங்கு இடைவெளியில் எங்கள் தெருவின் புகார் விழுந்துவிட்டது.

அந்தக் கால் பங்கைக் கண்டுபிடித்தவர் வில்லியம் சீலி காசெட். 1899-இல் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி, ஹாப்ஸ் என்று பீர் காய்ச்சத் தேவையான எதைச் சோதித்தாலும் கையில் கிடைப்பது நான்கைந்து அளவீடுகள்தான், நூற்றுக்கணக்கில் கிடைக்காது. அவ்வளவு குறைவான மாதிரியிலிருந்து கணக்கிடும் திட்ட விலக்கமே தப்பாக இருக்கலாம், பல சமயம் உண்மையைவிடச் சிறிதாக வந்துவிடும், அப்போது நம் நம்பிக்கை அளவுக்கு மீறிப் போகும். அதை ஈடுகட்ட எவ்வளவு கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பதை அவர் கணக்கிட்டு 1908-இல் வெளியிட்டார். ஆலையின் கட்டுப்பாட்டால் சொந்தப் பெயரில் எழுத முடியாது. அதனால் 'ஸ்டூடன்ட்', மாணவன், என்று கையெழுத்திட்டார். இன்றும் ஸ்டூடன்ட் டி சோதனை என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

எனக்கு அந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கணக்கு சரிதானா என்று பார்க்க அவர் 3000 குற்றவாளிகளின் உயரம், விரல் நீளம் இருந்த அளவீடுகளை எடுத்து அட்டைகளில் எழுதினார். அட்டைகளை நன்றாகக் கலைத்தார். நான்கு நான்காகப் பிரித்தார். 750 மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்குப் போட்டுத் தன் சூத்திரத்தோடு ஒப்பிட்டார். கணினி இல்லாத காலத்தில் எவ்வளவு பொறுமை வேண்டும்! பல வருஷம் இதை வகுப்பில் சொல்லும்போது அந்த 750-ஐத்தான் அழுத்திச் சொல்வேன். இப்போது "நன்றாகக் கலைத்தார்" என்பதை அழுத்துகிறேன். நான் எட்டு சிலிண்டர் எடுத்தபோது எதையும் கலைக்கவில்லை. ஆள் இருந்த வீடாகப் பார்த்து எடுத்தேன்.

ஐந்து சதவீதம் என்ற கோடு காசெட் போட்டதும் இல்லை. 1925-இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் வசதிக்காகச் சொன்ன எல்லை அது. இருபதில் ஒன்று என்பது நினைவில் வைக்க எளிது. அப்புறம் அதுவே பழக்கமாகி, பழக்கம் பாடமாகி, என் கையில் வந்தபோது வேதவாக்காகிவிட்டது. ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏதோ பெரிய ஆறு ஓடுவதுபோல நான் நடந்துகொண்டேன்.

சிவப்புப் பேனா

நவம்பர் மாதம், மாதிரித் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி வழக்கமானது: ஓர் ஆலையில் 500 கிராம் என்று அடைக்கும் பொட்டலங்களில் பத்தை எடுத்து எடை போட்டார்கள், சராசரி 500தானா என்று சோதிக்கவும். ஒரு மாணவி கணக்கை அழகாகப் போட்டிருந்தாள். எண் அட்டவணை எண்ணைத் தாண்டவில்லை. கடைசி வரியில், "எனவே ஆலையின் சராசரி 500 கிராம் என்பது உண்மை" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவால் 'உண்மை' என்பதற்குக் கீழே கோடு போட்டு, "இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று இல்லை என்று மட்டுமே சொல்லலாம்" என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்தேன். இது நான் வருஷத்துக்கு முப்பது நாற்பது தாளில் எழுதும் வரி. அன்று எழுதி முடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. ஜூன் மாதம் என் தெரு முழுக்க இதே தப்பான கடைசி வரியை நம்பிக்கொண்டு போனது. ஏஜென்சிக்காரர் இதே வரியை என் பெயரைச் சொல்லிச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் போனது ஒரு மதிப்பெண். தெருவுக்கு என்ன போனது என்று நான் பார்க்கவே இல்லை.

ஃபிஷரே 1935-இல் எழுதியிருக்கிறார்: இன்மைக் கருதுகோள் ஒருபோதும் நிரூபிக்கப்படுவதில்லை, சோதனையில் அது பொய்யாக்கப்படலாம், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்று ராத்திரி உதவியது அவரோடு ஒத்துப்போகாத இரண்டு புள்ளியியல் அறிஞர்கள். ஜெர்சி நேமன், எகான் பியர்சன். 1933-இல் வந்த அவர்களுடைய கட்டுரை தப்பு இரண்டு வகை என்கிறது. உண்மையில் குறைவு இல்லாதபோது குறைவு என்று சொல்வது முதல் வகை. உண்மையில் குறையும்போது அதைப் பார்க்காமல் விடுவது இரண்டாம் வகை. ஐந்து சதவீதக் கோடு முதல் தப்புக்கு மட்டும்தான் காவல். எங்கள் தெருக்கணக்கில் அது ஏஜென்சிக்குக் காவல்: நேர்மையாக நடக்கும் ஏஜென்சியை நான் தப்பாகக் குற்றம்சாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் சிலிண்டர் வாங்குகிற பெண்களுக்கு என்ன காவல்? அந்தக் கேள்வியையே நான் கேட்கவில்லை. எட்டு போதும் என்று சொன்ன நொடியிலேயே அவர்கள் பக்கத்துக் காவலை எடுத்துவிட்டேன்.

அந்த ராத்திரியே கணக்குப் போட்டேன். உண்மையிலேயே சராசரியாக 125 கிராம் குறைகிறது, சிலிண்டருக்குச் சிலிண்டர் ஏற்ற இறக்கம் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எட்டை எடுத்து ஐந்து சதவீதக் கோட்டில் சோதித்தால் எத்தனை முறை பிடிபடும்? நூற்றுக்கு ஐம்பது முறைகூட இல்லை. குறைவு 100 கிராம் என்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தராசு, இரும்புக் குழாய், இரண்டு பையன்கள், திண்ணைக் கணக்கு எல்லாம் வைத்துக்கொண்டு செய்த வேலைக்கு, ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே அளவுக்குத்தான் அந்தப் பெண்களுக்கு நியாயம் கிடைத்திருக்கும். சோதனை தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு இது. பத்து நிமிஷ வேலை. பாடத்திட்டத்தில் சோதனையின் திறன், அதாவது உண்மையான குறைவைச் சோதனை பிடிக்கும் வாய்ப்பு, என்று ஒரு பக்கம் இருக்கும். தேர்வில் கேள்வி வராது என்று வேகமாகப் புரட்டிவிட்டுப் போவேன். இப்போது அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

நூற்றுக்குத் தொண்ணூறு முறை பிடிபட வேண்டும் என்றால் எத்தனை சிலிண்டர் வேண்டும் என்றும் போட்டுப் பார்த்தேன். 24.

குலுக்கல்

அக்காவிடம் போய் மறுபடி எடை போடலாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. "இந்தத் தடவ யார் வூட்ல எடுப்ப?" என்று மட்டும் கேட்டார். தொண்ணூறு வீட்டு எண்ணையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கலாம் என்றேன். ஜூன் மாதம் நான் சொன்ன எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை, ஆனால் இது உடனே புரிந்தது. தெருவில் பாதிப் பேர் குலுக்குச் சீட்டு போடுகிறவர்கள். மாதாமாதம் எவர்சில்வர் டப்பாவில் பேரைப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்க வைப்பார்கள். "குலுக்கி எடுத்தா அப்பால எவனும் பேச முடியாது" என்றார் சீட்டு நடத்துகிற அம்மா. அவர் வீட்டு டப்பாவையே கொண்டுவந்தார். எடுப்பதற்கு முன் டப்பாவைக் கவிழ்த்துக் காலி என்று எல்லாருக்கும் காட்டினார். ராண்டம் மாதிரிக்கு இதைவிடத் தெளிவாக யாரும் செயல்முறை விளக்கம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தராசையும் மாற்றினேன். முதல் முறை வாங்கிய தொங்கு தராசைச் சரிபார்க்காமலே நம்பியிருந்தேன். மளிகைக் கடைக்காரர் இதற்குள் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவிட்டார், இனி பார்க்கவும் வழியில்லை. தராசு எப்போதும் 50 கிராம் கூடக் காட்டினால், எட்டு என்ன, எண்ணூறு சிலிண்டர் எடுத்தாலும் அந்தத் தப்பு சராசரியில் அப்படியே நிற்கும். மாதிரியைப் பெரிதாக்கினால் ஆட்டம் குறையும், கோணல் நிமிராது. இந்த முறை கொருக்குப்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கும் ஒருவர் தன்னுடைய மேடைத் தராசு ஒன்றை இரவல் தந்தார். கூடவே 20 கிலோவும் 10 கிலோவும் இரும்புக் கல். கல்லில் ஈயம் ஊற்றி அதன்மேல் முத்திரை குத்தியிருக்கும். அந்த முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டையும் மேடையில் வைத்தேன். 30.00 என்று காட்டியது. நிரம்பிய சிலிண்டர் ஏறக்குறைய அதே 30 கிலோதான் இருக்கும். ஒவ்வொரு நாளும் முதலில் கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சிலிண்டரை ஏற்றினோம். எங்கள் வீட்டு நடையிலேயே தராசை வைத்துக்கொண்டோம், வெளியே தெரியாமல்.

2019 ஜனவரி முதல் மார்ச் முதல் வாரம் வரை ஆனது, குலுக்கலில் வந்த 24 வீட்டுக்கும் அடுத்த சிலிண்டர் வந்து சேர. பக்கத்து வீட்டில் இறக்கியிருந்தால் அங்கேயே ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, வீட்டுக்காரர் வந்ததும் எடை. எல்லாம் முடியும்வரை கணக்குப் போடக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பதினைந்தாவதில் ஒரு தடவை, இருபதாவதில் ஒரு தடவை எட்டிப் பார்த்து, தாண்டியதும் நிறுத்தினால் அந்த ஐந்து சதவீதம் ஐந்தாகவே இருக்காது. அக்கா நடுவில் இரண்டு முறை கேட்டார். "முடியட்டும்க்கா" என்றேன்.

24 சிலிண்டரின் சராசரி 14.09. திட்ட விலக்கம் 0.19. முன்போலவே 110 கிராம் குறைவைத் திட்டப் பிழையால் வகுத்தால் 2.84. அட்டவணையில் 23-க்கு நேராக இருப்பது 1.714. ஏஜென்சி சொல்வது உண்மையாக இருந்தால் இப்படி வருவதற்கு வாய்ப்பு ஆயிரத்துக்கு ஐந்துக்கும் குறைவு. இந்த முறை வெறும் தீர்ப்பை மட்டும் சொல்லக் கூடாது என்று அளவையும் எழுதினேன்: தெருவுக்கு வரும் சிலிண்டர்களின் சராசரி 95 சதவீத நம்பிக்கையில் 14.01 முதல் 14.17 வரை, அதாவது சிலிண்டருக்கு 30 கிராமிலிருந்து 190 கிராம் வரை குறைவு. ஜூனில் வந்த 125-ம் இதற்குள்தான் இருக்கிறது. இரண்டு சோதனையும் சொன்னது ஏறக்குறைய ஒரே செய்தி. முதல் முறை அது உரக்கக் கேட்கும் அளவுக்கு நான் காது கொடுக்கவில்லை.

அப்புறம் எடைகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கதையின் மறுபக்கம் தெரிந்தது. பதினெட்டு சிலிண்டர் 14.2-ஐச் சுற்றி ஒழுங்காக இருந்தன. ஆறு மட்டும் தனியாக 13.8-ஐ ஒட்டிக் கிடந்தன. தெரு முழுக்க எல்லாருக்கும் 110 கிராம் குறையவில்லை. பலருக்கு ஒன்றுமே குறையவில்லை, சிலருக்கு 400 கிராம் குறைகிறது. சராசரி இதைக் கலந்து ஒரே எண்ணாக்கிக் கொடுத்துவிட்டது. அந்த ஆறில் ஐந்து, பக்கத்து வீட்டில் இறக்கி வைத்தவை. பழைய நோட்டை எடுத்து ஜூன் மாத வீட்டு எண்களைப் பார்த்தேன். 13.75-ம் 13.80-ம் வேலைக்குப் போகிற இரண்டு வீடுகள், அன்று லீவு போட்டிருந்தார்கள். மீதி ஆறும் எப்போதும் ஆள் இருக்கும் வீடுகள். தெருவில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகிற வீடுகளாக இருக்கும்போது என் எட்டில் அவை இரண்டே இரண்டு. பாதிக்கப்பட்டவர்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மாதிரி எடுத்துவிட்டு, பாதிப்பு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். வழியில் எங்கே, யார் கையில் குறைகிறது என்பதை இந்த எண்கள் சொல்லாது. சொல்லாததை நானும் மனுவில் எழுதவில்லை.

மனுவைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் கொடுத்தோம், 24 எடையும் குலுக்கல் நடந்த விதமும் இணைத்து. நம் எடை அவர்களுக்குச் சாட்சியம் ஆகாது, அவர்களே வந்து எடுத்தால்தான். ஆய்வு நடந்ததா, என்ன கிடைத்தது என்று எங்களுக்கு எழுத்தில் எதுவும் வரவில்லை. ஆனால் ஏப்ரல் மாதத்திலிருந்து மீன்பாடி வண்டியில் ஒரு கொக்கித் தராசு தொங்க ஆரம்பித்தது, கேட்டால் எடை போட்டுக் காட்டினார்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் சிலிண்டரை இறக்குவதில்லை என்று பெண்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். அதனால் மாலையில் இரண்டாவது நடை வர வேண்டியதாயிற்று.

மனு கொடுத்த அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வீட்டுக்கு எடுத்து வைத்த சங்கராவை ஆய்ந்துகொண்டிருந்தார். 400 கிராம் என்றால் என்ன என்று சொன்னேன்: அவருடைய காலண்டர்படி ஒரு சிலிண்டர் நாற்பது நாள், ஒரு நாளைக்கு 350 கிராம் சொச்சம், ஆக ஒரு நாள் சமையல். அவர் காலண்டரில் 40 என்பது 38 ஆனதில் ஒரு நாளாவது இதுவாக இருக்கலாம். கேட்டுக்கொண்டே செதிலைச் சீவிக்கொண்டிருந்தார். அப்புறம் கத்தியை நிறுத்திவிட்டு, "அப்போ மொதல் தடவ நீ சொன்னது?" என்றார்.

"அது தப்புக்கா. கணக்கு சரிதான். எட்டு பத்தாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எல்லாரும் சரியா கீதுன்னு சொன்னப்ப நான் இல்லன்னு சொல்லியிருக்கணும்."

"அத மத்தவங்க கிட்டயும் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். அன்று ராத்திரியே எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். ஏழாவது வீட்டில் மட்டும் பூட்டியிருந்தது, மறுநாள் காலை போனேன்.